மேற்குச் சுவரை ஒட்டிய அறை

மண்ணால் கட்டுவது எவ்வளவு நல்லது தெரியுமா என்று யாராவது இப்போது என்னிடம் ஆரம்பித்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. சொல்கிறவர்கள் நல்லவர்கள்தான். வெயில் உள்ளே இறங்காது, சூளைக்கு மரம் வெட்ட வேண்டாம், இடித்தால் மண் மண்ணோடு போய்விடும் என்று எனக்கே பாடம் எடுக்கிறார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டிருப்பேன். எழுபதுகளின் கடைசியில், திருத்தணியில், சாயப்பட்டறைகளுக்கு அப்பால் நாங்கள் கொஞ்சம் பெண்கள் சேர்ந்து மண்ணைக் குழைத்து ஒரு கட்டடம் கட்டினோம். அப்போது இந்த நல்லவர்கள் எல்லாம் எங்கே போயிருந்தார்கள் என்று தெரியவில்லை. எங்கள் நெசவாளர் தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

நான் அரக்கோணத்தில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் தாத்தாவோடு தறி போயிற்று. அப்பா ரயில்வேயில் சேர்ந்துவிட்டார். ஆனால் பெண்ணைக் கொடுக்கும்போது மட்டும் நெசவுக் குடும்பமாகத்தான் தேடினார்கள். பள்ளி இறுதி வகுப்பும் தையல் பரீட்சையும் முடித்த கையோடு என்னைத் திருத்தணியில் கொண்டுவந்து விட்டார்கள். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். எதில் பேசினாலும் மருமகளுக்குப் பேச்சு குறைவாக இருந்தால்தான் அவர்களுக்குப் பிடிக்கும்.

அந்தத் தெருவில் ஒரு சேலை தறியிலிருந்து இறங்க வேண்டுமென்றால் பாதி வேலைக்கு மேல் பெண்கள்தான் செய்ய வேண்டும். நூல் சுற்றுவது, நீளவாட்டில் ஓடும் இழைகளைச் சேர்த்துப் பாவு நீட்டுவது, வெயில் ஏறுவதற்குள் தெருவில் பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவது எல்லாம் அவர்கள். தறியில் உட்காருவது மட்டும் ஆண். உட்காருகிறவன் நெசவாளி, மற்றவர்கள் வீட்டில் சும்மா இருக்கிறவர்கள். நெசவாளர் சங்கத்தில் கூலி வாங்குகிற கையும் அவன் கைதான்.

மாதத்தில் மூன்று நாள் அந்தச் சும்மா இருக்கிறவர்களையும் வீட்டுக்குள் விட மாட்டார்கள். கொல்லைப்புறத்தில் தகரம் போட்ட ஓர் இடுக்கு, தனித் தட்டு, தனிப் பாய். நூலைத் தொடக் கூடாது, தறி இருக்கும் பக்கம் நிழல்கூடப் படக் கூடாது. பட்டால் இழை அறுந்துவிடுமாம். கஞ்சி சரியில்லாவிட்டால் இழை அறும், காற்று காய்ந்து வீசினால் அறும். இது அவர்களுக்கே தெரியும். தெரிந்துகொண்டே பழியை எங்கள் மேல் போடுவார்கள். கல்யாணமான முதல் மாதம் அந்தத் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சித்திரை மாதம் அது. திருத்தணி வெயிலில் தகரத்துக்குக் கீழே ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்வது புரியும்.

சென்னையிலிருந்து ஒரு தொண்டு அமைப்பு, பெண்களுக்குத் தறியும் தையலும் கற்றுக்கொடுக்க ஒரு பயிற்சி நிலையம் வைக்கிறோம், கைக்குழந்தைகளை விட்டுவைக்கவும் இடம் இருக்கும் என்று சொன்னது. கட்டடத்துக்குப் பொருள் அவர்கள் தருவார்கள், உழைப்பு எங்களுடையது, இடம் மட்டும் ஊர் தர வேண்டும். தையல் பரீட்சை தேறியவள் என்று என்னை ஆசிரியையாகப் போட்டார்கள். இடத்துக்கு நெசவாளர் சங்கத்தைத்தான் கேட்க வேண்டும். சங்கத்துத் தலைவர் என் கணவரின் அண்ணன், எங்கள் தெலுங்கு முறைக்கு எனக்குப் பாவா. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் ஓடிப்போய் வண்டி பிடிப்பவர் அவர்தான். ஆனால் தம்பி மனைவி அவர் முகத்துக்கு நேரே பேசக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். எனக்கு ஏதாவது வேண்டுமென்றால் நான் என் கணவரிடம் சொல்ல வேண்டும், அவர் அண்ணனிடம் சொல்வார். மூன்று பேரும் ஒரே கூடத்தில்தான் இருப்போம்.

“இடம் வேணுமாம்” என்றார் என் கணவர்.

“எதுக்குடா?”

“பொம்பளைங்க தறி கத்துக்கிறதுக்கு.”

பாவா சிரித்தார். “சாயப்பட்டறைக்கு அந்தாண்ட கல்லும் முள்ளுமா சங்கத்து இடம் கெடக்குதே, அதை எடுத்துக்கச் சொல்லு. எத்தினி நாளைக்குன்னு பாத்துடலாம்.”

கட்டடத்தை வரைய சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தார். எங்கள் பெண்கள் அவரை இன்ஜினியரம்மா என்று கூப்பிட்டார்கள். பருத்திச் சேலை, ரப்பர் செருப்பு, தோளில் ஒரு துணிப்பை. காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் போவார். வந்த முதல் நாள் அவர் ஒரு கோடுகூடப் போடவில்லை. வெயில் எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்குகிறது, மலைப்பாறையின் சூடு எவ்வளவு நேரம் நிற்கிறது, மழைத் தண்ணீர் எந்த வழியாக ஓடும் என்று கேட்டுக்கொண்டே அந்தக் கல்லிலும் முள்ளிலும் நடந்தார். சுவர் மண்ணில் இருக்கட்டும், கூரைக்கு ஓடு போடலாம், கான்கிரீட் போட்டால் இந்த ஊரில் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவருக்கும் எங்கள் பெண்களுக்கும் முதல் சண்டை காற்றை வைத்துத்தான் வந்தது. அவர் நாலு பக்கமும் ஜன்னல் வைத்து வரைந்துகொண்டு வந்தார். பெண்கள் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.

“காத்து வந்தா பாவு காஞ்சிடும்ங்க. இழை நிக்காது.”

“காத்தே இல்லாம இத்தனை பேர் எப்படி உட்காருவீங்க?”

“நாங்க உட்காந்துகினுதான் இருக்கோம்.”

அவர் எரிச்சலோடு காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். அடுத்த முறை வந்தபோது ஜன்னல்கள் எல்லாம் மேலே ஏறியிருந்தன. ஓட்டுக்குச் சற்றுக் கீழே, கல்லுக்குக் கல் இடைவெளி விட்டு வரிசையாகப் பொந்துகள். சூடு மேலே ஏறி அதன் வழியே வெளியே போய்விடும், தறி உயரத்தில் சுவர் மூடியிருக்கும், மண் தரையில் ஈரமும் நிற்கும் என்றார். பெண்கள் கூடிப் பேசி, சரி என்றார்கள்.

சுவருக்கான மண் கல்லை நாங்களே அடித்தோம். ஏரி மண்ணையும் செம்மண்ணையும் சலித்துக் கலந்து, கொஞ்சமே கொஞ்சம் சிமென்ட் தூவி, ஓர் இரும்பு அச்சில் கொட்டி, நீளமான பிடியை இரண்டு பேர் தொங்கி அழுத்தினால் ஒரு கல் விழும். அதைச் சுட வேண்டியதில்லை. நிழலில் அடுக்கி ஈரச் சாக்கைப் போர்த்தி வைத்தால் இறுகிவிடும். உள்ளங்கை எல்லாம் கொப்புளம். சைக்கிளில் போகிற ஆண்கள் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்று, “இன்னாம்மா, எலி வளை கட்றீங்களா?” என்பார்கள். பாவா ஒரு தரம் வந்து சுவரை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “ஒரு மழைக்குத் தாங்காது” என்று என் கணவரிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் மண் சட்டியோடு நின்றிருந்தேன். சட்டி மண்ணை அச்சில் கொட்டினேன்.

எங்களோடு கே.ஜி.கண்டிகையிலிருந்து பஸ்ஸில் ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். காலனிக்காரி, சர்ச்சுக்குப் போகிற குடும்பம். கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போய்ப் பழகியவள். புருஷன் பம்பாய்க்கு வேலைக்கென்று போனவன் போனவன்தான். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. ஏரிக்கரை வேலையிலும் கட்டட வேலையிலும் குழந்தையை வெயிலில் போட்டுவிட்டு மண் சுமந்து அலுத்துப்போய், ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்கிற தொழில் வேண்டும் என்று தறி கற்றுக்கொள்ள ஆசைப்பட்டாள். எங்கள் தெருவில் இரண்டு மூன்று வீட்டில் கேட்டுப் பார்த்திருக்கிறாள். வாசலிலேயே நிற்க வைத்துப் பதில் சொல்லி அனுப்பினார்கள். தரையில் குழி வெட்டி, காலை உள்ளே விட்டு உட்கார்ந்து நெய்கிற குழித்தறி வீட்டுக்குள் இருக்கிறது, வீட்டுக்குள் அவளை யார் விடுவார்கள்? இந்தக் கட்டடம் வந்தால்தான் அவள் தறியில் கால் வைக்க முடியும், வராவிட்டால் மறுபடி மண் சட்டிதான். எங்களில் மற்றவர்களுக்கெல்லாம் வீட்டில் ஒரு தறியாவது இருந்தது, பாதிச் சோறாவது இருந்தது. அவளுக்கு இதுதான் எல்லாம். அதனால்தானோ என்னவோ, அவள் அடித்த கல் மட்டும் மூலை உடையாமல் விழும்.

சுவர் இடுப்பளவு எழும்பியபோது மாமியார்கள் ஒரு கேள்வியைக் கிளப்பினார்கள். அந்த மூன்று நாள் என்ன செய்வீர்கள்? எல்லாரும் ஒரே கூடத்தில் கலந்து உட்கார்ந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்? தொட்டதும் தொடாததும் ஒன்றாகி, அப்படியே வந்து எங்கள் வீட்டு நூலைத் தொடுவீர்களா? தனியாக ஓர் அறை, அதற்குத் தனி வாசல் இருந்தால் அனுப்புகிறோம், இல்லாவிட்டால் ஒருத்தியையும் அனுப்ப மாட்டோம். என் மாமியார்தான் இதில் முன்னால் நின்றார். சும்மா மிரட்டுகிறார்கள் என்று நினைக்க முடியாது. சொன்னால் செய்வார்கள்.

இன்ஜினியரம்மாவிடம் போய், இன்னோர் அறை வேண்டும் என்றோம்.

“எதுக்கு?”

நான்தான் சொன்னேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

“நான் வரைய மாட்டேன். பொம்பளைங்களுக்குன்னு ஒரு கட்டடம் கட்டி, அதுலயும் தள்ளி வைக்க ஒரு மூலையா? என் கையால அது நடக்காது.”

“அது இல்லாட்டி யாரும் வர மாட்டாங்க.”

“வரலைன்னா வரவேண்டாம். நீங்க படிச்சவங்கதானே, நீங்களே இப்படிப் பேசலாமா?”

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் கோபம். நான் அந்தத் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து நினைத்ததையெல்லாம் அவர் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டுச் சாயங்கால ரயில் ஏறிப் போய்விடுவார். நான் அதே தெருவுக்குள், அதே மாமியாரிடம் திரும்பிப் போக வேண்டும். “உங்களுக்கு ரயில் இருக்குதும்மா. எங்களுக்கு இந்த ரூம்தான் ரயிலு” என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சிவந்து எழுந்து போய்விட்டார். அதன் பிறகு பல வாரம் வரவில்லை.

மிச்சமிருந்த கல்லை வைத்து, அவர் இல்லாமலே, மேற்குச் சுவரை ஒட்டி அந்த அறையை நாங்கள் எழுப்பினோம். எங்கள் லட்சணத்துக்குக் கட்டினால் எப்படி இருக்கும்? பொந்து கிடையாது, ஜன்னல் கிடையாது, நாலு சுவரும் ஒரு கதவும். கூரைக்குப் பழைய தகரம். மத்தியான வெயில் முழுக்க அதன் மேல் விழுந்தது. கொல்லைப்புறத்து இடுக்கை அப்படியே பெயர்த்துக்கொண்டுவந்து வைத்துவிட்டோம். இத்தனை பாடுபட்டு, நல்ல கட்டடம் ஒன்று கட்டத் தெரிந்த பிறகும், எங்களுக்கென்று வரும்போது எங்கள் கை தகரத்துக்குத்தான் போயிற்று.

இன்ஜினியரம்மா திரும்பி வந்தார். என்னிடம் பேசவில்லை. அந்த அறைக்குள் போனார், வெளியே வந்தார், சுற்றி வந்தார். பிறகு கண்டிகைக்காரியைக் கூப்பிட்டு, கடப்பாறை கொண்டுவரச் சொன்னார். இடித்துத் தள்ளப் போகிறார் என்று நினைத்து நான் குறுக்கே போய் நின்றேன்.

“தள்ளுங்க. கட்டறதுன்னு ஆயிடுச்சு, மனுஷங்க உட்கார்ற மாதிரியாவது கட்டுங்க” என்றார்.

தகரத்தைப் பிடுங்கி எறிந்தோம். ஓடு போட்டோம். மேலே பொந்து வரிசை வைத்தோம். மேற்குப் பக்கம் கூரையைத் தாழ்வாக இறக்கி, வெயில் சுவரில் படாமல் செய்தார். கூடத்துக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு கதவும் வைக்கச் சொன்னார். “என்னைக்காவது திறப்பீங்க இல்ல” என்றார். கட்டிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவர் முகம் கடுகடுவென்றுதான் இருந்தது.

அந்த அறையில் நூலைத் தொட முடியாது, அதனால் தையல் மிஷின்களை அங்கே போட்டேன். தையல் மிஷினுக்குத் தீட்டு கிடையாது என்று மாமியார்களே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள், அவர்களுடைய மாமியார் காலத்தில் அது இல்லையே. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த மூன்று நாளில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் அதை வைத்து அந்த அறை நல்லது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தள்ளி வைக்கிற இடம் எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தாலும் அது தள்ளி வைக்கிற இடம்தான்.

மழை வந்தது. சுவர் நின்றது. பெண்கள் தறியில் உட்கார்ந்தார்கள். கண்டிகைக்காரி முதல் மூன்று மாதம் இழையை அறுத்து அறுத்துப் போட்டு, பிறகு பிடித்துக்கொண்டாள். அவள் குழந்தை தறிக்குப் பக்கத்தில் தூளியில் தூங்கும். துண்டு நெய்தாள், பிறகு வேட்டி நெய்தாள். கூலி அவள் கையில் வந்தது.

அடுத்த கோடையில்தான் வினை ஆரம்பித்தது. சங்கத்தின் நூல் கிடங்கு பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகை. அந்த வருஷ வெயிலில் கிடங்கில் இருந்த நூல் சுக்காகக் காய்ந்து, தறியில் ஏற்றினால் பொட்டுப் பொட்டென்று அறுந்தது. எங்கள் கட்டடத்தில் இருந்த நூல் மட்டும் பதமாக இருந்தது. பெண்கள் நெய்த வேட்டியில் முடிச்சே இல்லை என்று சந்தையில் பேச்சு வந்ததும் பாவா ஒருநாள் வந்து பார்த்தார். உள்ளே வந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் நின்றார். சுவரில் உள்ளங்கையை வைத்தார். ஒரு மழைக்குத் தாங்காது என்று சொன்னாரே, அதே சுவர்.

“பரவால்லையேடா, நல்லாத்தான் கட்டிகீறாங்க” என்று என் கணவரிடம் சொன்னார். அவர் குரலில் இருந்த ஆசை எனக்குக் கேட்டது. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. சிரித்தபோது ஒன்றும் செய்யாதவர்கள் பாராட்டினால்தான் ஆபத்து என்று அப்போதே தோன்றியது.

நான் பயந்துகொண்டிருந்ததை ஆடி மாதக் காற்று வந்து நடத்தி வைத்தது. கிடங்கின் தகரம் பாதி பெயர்ந்து சாலையில் விழுந்தது. அன்று காலை மழையும் தூறியது. நூலை நனைய விட முடியாது, அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊரில் சத்திரம் இல்லையா, பள்ளிக்கூடம் இல்லையா? இரண்டு மாட்டு வண்டியில் நூல் சிப்பங்களை மூட்டை மூட்டையாக அடுக்கிக்கொண்டு நேரே எங்கள் வாசலுக்குத்தான் வந்தார்கள். பாவாவும் ஏழெட்டு ஆண்களும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பதற்காக எல்லாரும் மாலை போட்டு, மஞ்சள் வேட்டி கட்டி, விரதத்தில் இருந்தார்கள். என் கணவரும் அவர்களில் ஒருவர்.

பாவா வாசலில் நின்று என் கணவரைப் பார்த்தார். “சொல்லுடா. ரெண்டு மாசம்தான்.”

“ரெண்டு மாசம்தானாம்” என்றார் என் கணவர் என்னிடம்.

“பூட்டு போடுவாங்களான்னு கேளுங்க.”

“நூலை வெச்சிட்டுப் பூட்டாம?” என்று பாவாவே வானத்தைப் பார்த்துச் சொன்னார். “இடம் சங்கத்து இடம்தானே.”

கண்டிகைக்காரி தறிக்குழியில் உட்கார்ந்தபடியே கேட்டாள். “அப்போ என் தறி இன்னாங்க ஆவும்?”

பாவா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தறியைக் கழற்றி வெளியே வைக்கலாம், குழியை மண் போட்டு மூடிவிடலாம் என்று ஆட்களிடம் சொன்னார். நாங்கள் வெட்டிய குழி. ஒரு ரோட்டுப் பள்ளத்தைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார். இரண்டு மாதம் கழித்துக் கிடங்குக்குப் புதுத் தகரம் போடுவார்கள், அடுத்த கோடையில் நூல் மறுபடி காயும், மறுபடி இங்கே கொண்டுவருவார்கள், பூட்டு அவர்களிடம்தான் இருக்கும். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இடம் தரும்போது எடுத்துக்கொள் என்றார்களே, அதை யாரிடம் போய்க் கேட்பது? என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

அதற்குள் ஓர் ஆள் ஒரு சிப்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு, பக்கவாட்டில் கதவு தெரிகிறதே என்று மேற்கு அறைப் பக்கம் போய்விட்டான். அங்கே புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணா, உள்ள வராதீங்க. நான் வீட்டுக்குத் தூரம்.”

அவன் சிப்பத்தை அப்படியே கீழே போட்டுவிட்டுப் பின்னால் துள்ளினான். மாலை போட்டவன் அல்லவா. கழுத்து மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு, தான் எதையும் தொடவில்லை என்று எல்லாரிடமும் சொன்னான். சிப்பம் வாசற்படியில் கிடந்தது. அதை எடுக்க ஒருவரும் போகவில்லை.

கூடத்துத் தறியிலிருந்து கண்டிகைக்காரி சொன்னாள். “நானும்தாங்க.”

அடுத்த தறியில் இருந்தவள் அவளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “நானும்” என்றாள். அதற்கு அடுத்தவள். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி, அவளுக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை, அவளும் சொன்னாள். தறித் தறியாக அது வந்தது. நான் மட்டும் வாசலுக்குக் குறுக்கே நின்றிருந்தேன். நான் சொல்லாமல் இருந்தால், தீட்டுக்காரிகளை எழுப்பி வெளியே அனுப்பு என்று என்னையே ஏவி, கூடத்தைக் காலி செய்துவிடுவார்கள்.

எனக்கு அதைச் சொல்ல விருப்பமே இல்லை. இந்த வழக்கத்தைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும் என்று நினைத்தவள் நான். இடத்தைக் கொடுத்தது நீங்கள், கட்டியது நாங்கள், போங்கள் வெளியே என்று நேருக்கு நேர் சொல்லி ஜெயிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அந்தச் சொல்லுக்கு அங்கே ஒரு மதிப்பும் கிடையாது. பாவாவின் முகத்தை நேராகப் பார்த்தேன். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

“பாவா, நானும் தூரம்.”

அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். கோபத்தைவிட அவருக்குக் கூச்சம்தான் அதிகம் இருந்தது. தம்பியைத் திரும்பிப் பார்த்தார். “எல்லாருமாடா?”

“எனக்கு இன்னா தெரியும்ணா” என்றார் என் கணவர், காது வரை சிவந்துபோய்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு மலையடிவாரத்துச் சத்திரத்துக்குப் போனார்கள். வாசற்படியில் கிடந்த அந்த ஒரு சிப்பத்தை விட்டுவிட்டுத்தான் போனார்கள். நான் அங்கே வேலை பார்த்த வரைக்கும் கிடங்கு என்ற பேச்சு மறுபடி எழவில்லை. சங்கத்து ஆண்கள் அந்த வாசல்படி ஏறவும் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. என் மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார்.

“உள்ள வராத.”

“அத்த, அது பொய். உங்களுக்கே தெரியும்.”

“ஆங், தெரியும். போன வாரம்தான் தலைக்கு ஊத்திக்கின. ஆனா மாலை போட்டவங்க முன்னாடி உன் வாயால சொல்லிட்டுகீற. சொன்னது சொன்னதுதான்.” பாயையும் தட்டையும் எட்டத்தில் வைத்தார். “கொல்லைக்குப் போ.”

நான் பாயை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போகவில்லை. நேரே பயிற்சி நிலையத்துக்கு வந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் பாயோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியாக வந்துகொண்டே இருந்தார்கள், எல்லாருக்கும் வீட்டில் அதே கதைதான். தெருவில் பாதி வீட்டில் சமைக்க ஆள் இல்லை. விரதச் சமையலைத் தீட்டுக்காரி தொடக் கூடாதே, மாலை போட்ட ஆண்களே அடுப்பூதிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒருத்தி சொன்னாள். அவள் புருஷன் அரிசியைக் கழுவாமலே உலையில் போட்டதைச் சொன்னபோது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எனக்குள் எரிந்துகொண்டிருந்தது. அவர்களைத் திருப்பி அனுப்பியது எங்கள் கைக் கொப்புளம் இல்லை, அந்தச் சுவர் இல்லை, எங்கள் பக்கத்து நியாயமும் இல்லை. எங்கள் உடம்பின் மேல் அவர்களுக்கு இருந்த அருவருப்புதான் அனுப்பியது. அதற்கு நன்றி சொல்லிக்கொண்டு நாங்கள் பாயை விரித்துக்கொண்டிருந்தோம்.

கண்டிகைக்காரி தூளியிலிருந்து குழந்தையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். தறி கழற்றப்படாமல் இருந்ததில் அவள் முகம் தெளிவாக இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி, “எங்க கிளம்பிட்ட? நீயும்தானே சொன்ன. மூணு நாளு எங்களோட இரு” என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“உங்களுக்கு மூணு நாளு டீச்சரு. நாலாம் நாளு தலைக்கு ஊத்திக்கினு வீட்டுக்குள்ள போயிடுவீங்க. என்னை எந்த நாளு உள்ள விடுவாங்க?”

சிரிப்பு நின்றது. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று அவளே கிளம்பிப் போனாள்.

நாலாம் நாள் காலையில் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தபோது அவள் முதல் பஸ்ஸில் வந்து தறியில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். நாங்கள் அவளைத் தாண்டிக்கொண்டு தெருவுக்கு வந்தோம். என் மாமியார் ஈரத் தலையைப் பார்த்தார், வாசலை விட்டு நகர்ந்தார்.

“உள்ள வா” என்றார்.